வீட்டுக்கு நீங்கதான் சிஸ்டம் அட்மின்



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும் நம்ம எல்லாருக்கும் ஒரு வேலை காத்திருக்கும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இந்த கம்ப்யூட்டர் ஏன் ஆமை மாதிரி நகருதுன்னு பாரு" என்பார் அப்பா. "போன்ல என்னமோ கட்டம் கட்டமா வந்து மறைக்குதுப்பா" என்று அம்மா போனை நீட்டுவார். நீங்க சிவில் படிக்கலாம், மெக்கானிக்கல் படிக்கலாம். அதெல்லாம் வீட்ல எடுபடாது. இன்ஜினியரிங் என்றால் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஆக, சம்பளம் இல்லாத சிஸ்டம் அட்மின் வேலை நமக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டது.

இதைச் சும்மா விளையாட்டா எடுத்துக்க முடியாது. அப்பாவுக்கு வந்த பி.எஃப். பணம், தங்கச்சி படிப்புக்குன்னு போட்டு வச்ச டெபாசிட், வீட்டுக் கடன் தவணை எல்லாமே இன்றைக்கு ஒரு போனுக்குள்ளேதான் இருக்கிறது. பீரோவுக்குப் பூட்டு போடத் தெரிந்த நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு, இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டித் தரவில்லை. "தெரியாத லிங்க்கை அமுக்காதீங்க" என்று ஆயிரம் பேர் சொல்லியாச்சு. அதையே நானும் சொல்லப் போவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதைச் செய்யணும் என்பது தானாகவே பிடிபடும்.

கிராக் போட்ட கம்ப்யூட்டர்

முதலில் வீட்டு கம்ப்யூட்டர். பல வீடுகளில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ்தான் ஓடும். ஒரிஜினலா என்று கேட்டால் சிரிப்பார். மேலே நாம் போட்ட கிராக் சாஃப்ட்வேர் நாலு இருக்கும். அந்த கிராக்கோடு வரும் குறிப்பை என்றைக்காவது நிதானமாகப் படித்திருக்கீங்களா? பெரும்பாலும் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்றுதான் இருக்கும். அதாவது திருட வந்தவன், "வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிடுங்க சார்" என்கிறான். நாமும் அனுப்பி வைக்கிறோம்!

வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகமாகத் தாக்கிய ரான்சம்வேர்களில் ஒன்று ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படும் வகை. 2018 வாக்கில் பரவ ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகளை இது கண்டுகொள்ளவே இல்லை. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் தேடி வரும் நம்மை மாதிரி ஆட்கள்தான் இதன் இலக்கு. ஓட விட்டதும் போட்டோ, வேர்டு ஃபைல், டிராயிங் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து, பெயருக்குப் பின்னால் புரியாத நாலு எழுத்து வாலைச் சேர்த்துவிடும். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காக, பெரிய ஃபைல்களில் முதல் 150 கே.பி. அளவை மட்டும்தான் பூட்டும். ஒரு ஃபைலைக் கெடுக்க அதுவே போதும். கம்ப்யூட்டர் நெட்டில் இருந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் தனிச் சாவியை அவர்கள் சர்வரிலிருந்து வாங்கும். நெட் இல்லாவிட்டால், உள்ளேயே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசமாக ஒரு திறப்பான் வெளியிட்டது. பழைய வகைகளில் பலவற்றை அது திறந்தது. பிறகு வந்த வகைகளில், பொதுச் சாவியால் பூட்டப்பட்டு, அந்தச் சாவியும் யாராவது பணம் கட்டி வெளியே வந்திருந்தால்தான் வழி உண்டு. தனிச் சாவி என்றால் வழியே இல்லை. பாட்டி போட்டோ போனது போனதுதான்.

இதற்காகக் காசு கொட்டச் சொல்லவில்லை. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. மேட்லேப் லைசென்ஸ் உங்க காலேஜில் இருக்கிறதா என்று லேப் சாரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. இல்லாவிட்டால் ஆக்டேவ் இருக்கு, வீட்டுக் கணக்கு வழக்குக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கு. ஆன்டிவைரஸ் தனியாக வாங்கவும் வேண்டியதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காமல் இருந்தாலே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து.

அடுத்து அப்டேட். வான்னாக்ரை நினைவிருக்கா? 2017 மே 12 அன்று கிளம்பி, சில நாளில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நடுவில் 59 நாள்! "ரிமைண்ட் மீ லேட்டர்" அமுக்கிய நாட்கள் அவை.

விண்டோஸ் 10 வைத்திருக்கிற வீடுகள் இதைக் கவனிக்கணும். அதற்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. உங்க மெஷின் பழசு, விண்டோஸ் 11 ஏறாது என்றால் லினக்ஸ் மின்ட்டோ லுபுன்டுவோ போட்டுக் கொடுங்க. அப்பா பார்ப்பது யூட்யூபும் பேங்க்கும்தான். ரெண்டு நாள் முணுமுணுப்பார், மூணாவது நாள் பழகிடும்.

பேக்கப் பற்றி ஒரே ஒரு விஷயம். கூகுள் டிரைவில் சிங்க் ஆகுது என்பதைப் பேக்கப் என்று நம்பாதீங்க. இங்கே ஃபைல் கெட்டால், கெட்ட ஃபைலே அங்கேயும் போய் உட்காரும். பழைய வெர்ஷனை அது கொஞ்ச நாளைக்குத்தான் வைத்திருக்கும். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு தரம் காப்பி எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைத்துவிடுங்க. கழற்றாமல் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் இதே மருந்துதான்.

பாஸ்வேர்டு: கொஞ்சம் கணக்கு

"ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி, மூணு மாசத்துக்கு ஒரு தரம் மாத்தணும்." இந்த விதியின் மூலம் 2003-ல் அமெரிக்காவின் நிஸ்ட் வெளியிட்ட ஒரு ஆவணம். அதை எழுதிய பில் பர் என்பவரே, தான் அன்று சொன்னதில் பெரும்பகுதிக்கு இப்போது வருத்தப்படுவதாக 2017-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் விதியை மாற்றியது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு, ஏற்கனவே வெளியே கசிந்த பாஸ்வேர்டா என்று மட்டும் பார், என்று. ஏன் மாற்றினார்கள்? குமார்@123 வைத்திருக்கிற ஆளை மாற்றச் சொன்னால் குமார்@124 என்று வைப்பார். இது நமக்கே தெரியும்போது திருடனுக்குத் தெரியாதா?

நல்ல தளங்கள் உங்க பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஹேஷ் செய்து, அந்த ஹேஷை மட்டும் வைத்திருக்கும். ராக்யூ என்ற கம்பெனி அதைக்கூடச் செய்யவில்லை. 2009 டிசம்பரில் அவர்கள் டேட்டாபேஸ் கசிந்தபோது 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் பச்சையாக வெளியே வந்தன. அதில் முதலிடம் 123456-க்கு, கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றைக்கும் காளி லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. பாஸ்வேர்டு உடைக்கிறவர்கள் பலரும் முதலில் எடுப்பது அதைத்தான்.

ஹேஷ் மட்டும் கசிந்தால் என்ன ஆகும்? பழைய எம்.டி.5 வகை ஹேஷை ஒரு உயர்ரக கேமிங் கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 10,000 கோடி வீதம் போட்டுப் பார்க்கும் என்று வைத்துக்கொள்வோம். இது மிகைப்படுத்தல் இல்லை, இன்றைய கார்டுகள் இதைத் தாண்டிவிட்டன. எட்டும் சின்ன எழுத்து என்றால் மொத்தம் 26-ன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 20,883 கோடி. ரெண்டே வினாடியில் முடிந்தது. கீபோர்டில் உள்ள 95 குறிகளையும் கலந்து எட்டு எழுத்து வைத்தால் சுமார் 18 மணி நேரம். இப்போ வேறு மாதிரி பார்ப்போம். 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஐந்து சொல்லைக் குலுக்கி எடுத்து வரிசையாக வைத்தால் 2.8 லட்சம் கோடி கோடி வழிகள். அதே கார்டுக்கு ஒன்பது வருஷம். ஆறு சொல் என்றால் எழுபதாயிரம் வருஷம்!

7776 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் வழிகள் அத்தனை. இதற்கு டைஸ்வேர் என்று பெயர். சொல்லை நீங்களே மனசில் நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, பகடைதான் தேர்ந்தெடுக்கணும். மனசிடம் விட்டால் சினிமா வசனம், ஹீரோ பேர், ஊர் பேர் என்றுதான் போகும். "முருங்கை நாற்காலி பதினேழு ஆவணி திமிங்கலம்" மாதிரி சம்பந்தமே இல்லாமல் வந்தால் நல்லது. இங்கிலீஷ் எழுத்தில் டைப் செய்துகொள்ளலாம். சிரிப்பாக இருப்பதால் மறக்கவும் மறக்காது. (இந்த உதாரணத்தையே வைத்துக்கொள்ளாதீங்க, இது இப்போ பத்திரிகையில் வந்தாச்சு!)

ஆனால் எவ்வளவு பலமான பாஸ்வேர்டாக இருந்தாலும், அதையே பத்து இடத்தில் வைத்தால் வீண். லிங்க்டுஇன் 2012-ல் கசிந்தது. 2016-ல் அதன் பெரிய பட்டியல் வெளியே வந்ததும், மார்க் ஜுக்கர்பெர்க்கின் ட்விட்டர் கணக்கையே கைப்பற்றினார்கள். லிங்க்டுஇன்னில் வைத்த அதே பாஸ்வேர்டுதான் காரணம் என்று அப்போது செய்திகளில் வந்தது. ஒரு தளத்தில் கசிந்ததை வரிசையாக மற்ற எல்லாத் தளத்திலும் போட்டுப் பார்ப்பது இவர்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் வேலை. அதனால் வேறு எதைச் செய்யாவிட்டாலும் ஜிமெயிலுக்கு மட்டும் தனிப் பாஸ்வேர்டு வைங்க. மற்ற எல்லாக் கணக்கின் "ஃபர்காட் பாஸ்வேர்டு" மெயிலும் அங்கேதான் வருகிறது. சாவிக்கொத்து தொங்குகிற ஆணி அது.

நமக்கு பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் போதும். அப்பா அம்மாவுக்கு? ஒரு டைரியில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்க. "பாஸ்வேர்டை எழுதி வைக்காதே" என்ற பழைய அறிவுரை ஆபீஸ் மேஜைக்குச் சரி. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற ஹேக்கரால் உங்க வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. ஏ.டி.எம். பின்னையும் யு.பி.ஐ. பின்னையும் மட்டும் அதில் எழுத வேண்டாம்.

நம்ம பாஸ்வேர்டு ஏற்கனவே கசிந்ததா என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் நடத்தும் ஹேவ் ஐ பீன் பவ்ண்ட் தளம் இருக்கிறது. பாஸ்வேர்டையே அங்கே கொடுத்தால் அதுவே ஆபத்தில்லையா என்று கேட்பீங்க. உங்க பிரவுசரே ஷா-1 ஹேஷ் போட்டு, அதில் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் அனுப்பும். அந்த ஐந்து எழுத்தில் தொடங்குகிற எல்லா ஹேஷ்களும் திரும்பி வரும், ஒப்பிடுவது உங்க மெஷினிலேயே நடக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்கிறவங்க ரசிக்க வேண்டிய யோசனை இது.

திருச்சி ரோடு எங்கே இருக்கு?

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்தப் பாடம் ஈஸி. திருச்சி ரோடு திருச்சியில் இல்லை, கோயம்புத்தூரில் இருக்கிறது. தபால் முகவரியில் ஊர் பேர் கடைசியில் வருவது போல, வெப்சைட் முகவரியிலும் உண்மையான ஊர் கடைசியில்தான் இருக்கும். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடம் வரை போய், அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்கணும். "உங்கபேங்க்.காம்.கேஒய்சி-அப்டேட்.இன்" என்று ஒரு லிங்க் வந்தால், அது உங்க பேங்க் இல்லை. கேஒய்சி-அப்டேட்.இன் என்ற பெயரை யாரோ விலைக்கு வாங்கி, முன்னால் பேங்க் பேரை போர்டு மாதிரி மாட்டியிருக்கிறார்கள்.

பூட்டுப் படம் இருக்கே என்று நம்பக் கூடாது. பூட்டு என்றால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. இன்னொரு நல்ல செய்தி: இந்திய பேங்க்குகள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறணும் என்று ரிசர்வ் பேங்க் உத்தரவிட்டது. பேங்க்குகளுக்கு மட்டுமே கிடைக்கிற வால் அது. அம்மாவுக்கு அந்த வாலைக் காட்டிக் கொடுங்க, புரிஞ்சுப்பாங்க.

அம்மாவின் போன்

உண்மையில் பணம் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் நம்பரிலிருந்தே "கல்யாணப் பத்திரிகை" வரும். தொட்டால் இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கணும், அது ஏன் இன்ஸ்டால் ஆகணும்? அது ஏ.பி.கே. ஃபைல். டிராஃபிக் ஃபைன், கரண்ட் பில், பேங்க் ரிவார்டு என்று வேறு வேஷங்களும் உண்டு. உள்ளே போனதும் எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால், யாருக்கும் நீங்க ஓ.டி.பி. சொல்லவே வேண்டாம், அதுவே படித்து அனுப்பிவிடும். பிறகு உங்க வாட்ஸ்அப்பிலிருந்து உங்க சொந்தக்காரர் எல்லாருக்கும் அதே பத்திரிகை போகும்.

அதனால் லீவில் பத்து நிமிஷம் ஒதுக்கி போன் செட்டிங்ஸைத் திறந்து, "அன்நோன் ஆப்ஸ்" இன்ஸ்டால் செய்யும் அனுமதியை வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அணைத்துவிடுங்க. எந்தெந்த ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுமதியும் அக்சசிபிலிட்டி அனுமதியும் இருக்கு என்று பாருங்க. டார்ச் லைட் ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். எதுக்கு? எடுத்து விடுங்க. யாரோ எப்போதோ போட்டுவிட்ட ஸ்கிரீன் ஷேர் ஆப் இருந்தால் அதையும்.

யு.பி.ஐ.க்கு ஒரே பாடம், அதையும் வீட்டில் எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைங்க: பணம் வருவதற்கு பின் தேவையில்லை. பழைய சோபாவை விற்கப் போட்டால், "க்யூ.ஆர். அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று ஒருத்தன் பேசுவான். பின் போட்டால் பணம் போகும், வரவே வராது. ஆர்மியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லி நம்ப வைப்பதும் இவர்களுடைய பழைய பாணி.

வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்மில் வந்து, "உங்க பேர்ல வந்த பார்சலில் போதைப்பொருள், நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கீங்க, கேமராவை அணைக்கக் கூடாது" என்பார்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது. இதில் ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ரிட்டயர்டு அதிகாரிகளும் டாக்டர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள். அறிவைத் தாக்குவதில்லை, பயத்தையும் மானத்தையும் தாக்குகிறார்கள். "யாருக்கும் சொல்லக் கூடாது" என்பதுதான் அவர்களுடைய முக்கிய ஆயுதம். ஆகவே வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்க. எந்த அதிகாரி கூப்பிட்டாலும், "என் பையன்கிட்ட, பொண்ணுகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லி அம்மா போனை வைக்கலாம். நீங்க லேபில் இருந்தாலும் அந்த காலை எடுங்க. திட்டாமல் பேசுங்க. ஒரு தரம் "இதுகூடத் தெரியாதா" என்று எரிந்து விழுந்தால், அடுத்த தரம் உங்களைக் கூப்பிட மாட்டாங்க.

சில்லறை விஷயங்கள் ரெண்டு. வீட்டு வைஃபை ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு பல வீடுகளில் அட்மின் என்றே இருக்கும், மாற்றிவிடுங்க. 2016-ல் மிராய் என்ற மால்வேர் இப்படிப்பட்ட அறுபது சொச்சம் டீஃபால்ட் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்தே லட்சக்கணக்கான கேமராவையும் ரவுட்டரையும் பிடித்தது. எழுதியவர்களில் ஒருத்தர் காலேஜ் மாணவர்! அடுத்து, ஜெராக்ஸ் கடை. ஆதாரை அந்தக் கடை மெயிலுக்கு அனுப்பி பிரின்ட் எடுத்துவிட்டு அப்படியே வந்துவிடுகிறோம். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் செய்து கொடுத்தால் பல இடங்களில் போதும். கைரேகையை எம்ஆதார் ஆப்பில் லாக் செய்து வைக்கவும் முடியும்.

பணம் போயிடுச்சுன்னா

முதலில் 1930. இது மத்திய உள்துறையின் சைபர் நிதி மோசடி உதவி எண். இங்கே புகார் பதிவானதும், பணம் எந்த பேங்க் கணக்குக்குப் போனதோ அந்த பேங்க்குக்குத் தகவல் போய், மேற்கொண்டு நகர்வதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். திருடன் அந்தப் பணத்தை நாலைந்து கணக்குக்குப் பிரித்து ஏ.டி.எம்.மில் எடுத்துவிட அதிக நேரம் ஆகாது. அதனால் அழுவது, சொந்தக்காரர்களுக்குச் சொல்வது எல்லாம் அப்புறம். பணம் போன நேரம், தொகை, யு.டி.ஆர். எண் மூணும் கையில் இருக்கட்டும். யு.டி.ஆர். எண் யு.பி.ஐ. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம்.

அடுத்து பேங்க். எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்க. ரிசர்வ் பேங்க்கின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலேயும் இல்லை, பேங்க் மேலேயும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், பேங்க்கிலிருந்து தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்க ஏற்கணும். நீங்களே பின்னையோ ஓ.டி.பி.யையோ சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நிமிஷம் வரை போனது உங்க கணக்கில்தான் வரும், அதற்குப் பிறகு போவது பேங்க் பொறுப்பு. ஆகவே பாதி போனதும் "மீதியாவது இருக்கே" என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு காலையில் பேங்க்குக்குப் போவதைவிட, ராத்திரியே கஸ்டமர் கேருக்கு போன் போட்டு கார்டையும் யு.பி.ஐ.யையும் பிளாக் செய்யணும். அந்த கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீங்க, அங்கேயும் போலி நம்பர் போட்டு வைத்திருப்பான். ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 1930-ஐயும் சேர்த்து, லீவு முடிந்து கிளம்பும் முன் அம்மா போனில் சேவ் செய்து, சமையலறை காலண்டரிலும் பெருசா எழுதி வச்சுட்டு வாங்க.